ரோமிங்ல இனிமே காசு எங்கதான் இருக்கு? இ-சிம் ஆப் எல்லாம் அள்ளிட்டு போயிடுச்சே

புதுசா_வந்தவன்:
வணக்கம் மக்களே. சென்னைல ஒரு டெலிகாம் கம்பெனில ரோமிங் ப்ராடக்ட் டீம்ல சேந்து மூணு மாசம் ஆகுது (பேர் கேக்காதீங்க, வேலை போயிடும்). மேனேஜர் திங்கக்கிழமைக்குள்ள "அடுத்த தலைமுறை ரோமிங்ல வருமானத்துக்கு என்ன வழி"ன்னு பத்து ஸ்லைடு கேட்டிருக்கார். நெட்ல தேடினா 5ஜி, ஏஐ, இ-சிம்னு வார்த்தையாவே கொட்டுது, யாரு யாருக்கு காசு குடுக்கறாங்கன்னே புரியல. என் ஃப்ரெண்ட்ஸ் எவனும் வெளிநாடு போனா நம்ம பேக் போடறதில்ல, ஆப்ல இ-சிம் (கார்டு இல்லாம போன்லயே இறக்கிக்கற சிம்) வாங்கிக்கறான் இல்லன்னா ஏர்போர்ட்ல இறங்கி சிம் வாங்கிக்கறான். அப்ப இந்த பிசினஸே முடிஞ்சு போச்சா? இந்த டிபார்ட்மெண்ட்ல இருந்தவங்க யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

மதுரை_மல்லி:
காசு எங்க போச்சுன்னு என்கிட்ட கேளுங்க தம்பி, என் வீட்ல இருந்துதான் போச்சு. 2014ல சிங்கப்பூர் போயிருந்தப்ப டேட்டாவ ஆஃப் பண்ண மறந்துட்டேன், போட்டோ எல்லாம் தானா பேக்கப் ஆகி திரும்பி வந்து பாத்தா பில்லு பதினாலாயிரம். கம்பெனி பேரு வேணாம். அன்னைல இருந்து ஃப்ளைட்ல பெல்ட் போடறதுக்கு முன்னாடி ரோமிங் ஆஃப்! இப்ப பையன் டல்லாஸ்ல இருக்கான், வருஷம் ஒருக்கா போவேன், பேங்க் ஓடிபி வரணுமேன்னு நம்மூரு சிம்ம உயிரோட மட்டும் வச்சிருக்கேன், அதுல ஒரு பைசா செலவு பண்றதில்ல.

பழைய_பில்லிங்:
தம்பி, மல்லியம்மா எழுதினத முதல் ஸ்லைடுல போடு. எங்க பாஷைல இவங்களுக்கு பேரு சைலண்ட் ரோமர். வெளிநாட்டு டவர்ல போன் ஏறியிருக்கும், ஓடிபி வந்து விழும், ஆனா டேட்டாவும் கிடையாது காலும் கிடையாது. உள்ள வர்ற எஸ்எம்எஸ்ஸுக்கு பொதுவா யாரும் காசு வாங்கறதில்ல, ஆக அந்த ஊர் நெட்வொர்க்குக்கும் வருமானம் இல்ல, நமக்கும் இல்ல, சிக்னலிங் செலவு (போனும் நெட்வொர்க்கும் பின்னாடி பேசிக்கற செலவு) மட்டும் ரெண்டு பேருக்கும். ஃப்ளைட் ஏறுறவங்கள்ல பெரிய கூட்டம் இதுதான், நாமளே பில்லு போட்டு பயமுறுத்தி உண்டாக்கின கூட்டம்.

நான் இருபது வருஷம் ரோமிங் செட்டில்மெண்ட்ல குப்பை கொட்டினவன், அதனால யாரு யாருக்கு குடுக்கறாங்கங்கறத சொல்றேன். நீ பேங்காக் போய் அங்க ஒரு நெட்வொர்க்ல ஏறினா உன் கால், டேட்டா எல்லாத்தையும் அவன் டேப் ஃபைல்னு ஒரு ஃபார்மேட்ல போட்டு நமக்கு அனுப்புவான், விலை ரூபாய்லயும் இருக்காது தாய்லாந்து பாத்லயும் இருக்காது, எஸ்டிஆர்ல இருக்கும், ஐஎம்எஃப் வச்சிருக்கற அந்த கணக்கு நாணயம். 30 நாளைக்குள்ள ஃபைல் வரலைன்னா காசு தர மாட்டேன்னு நாம சொல்லிடலாம். அந்த ரேட்டுக்கு பேரு ஐஓடி, இன்டர் ஆபரேட்டர் டாரிஃப் (இப்ப வர்ற பசங்க ஐஓடின்னா இன்டர்நெட் ஆஃப் திங்ஸ், ஃப்ரிட்ஜுக்குள்ள வைக்கற சிம்முன்னு நினைச்சுக்கறாங்க, அது வேற). ஐஓடிங்கறது எம்ஆர்பி மாதிரி, விவரம் தெரிஞ்சவன் எவனும் அந்த விலை குடுக்க மாட்டான். ரெண்டு கம்பெனியும் உக்காந்து டிஸ்கவுண்ட் அக்ரிமெண்ட் போட்டுக்கும், "வருஷத்துக்கு இவ்ளோ ஜிபி உன் நெட்வொர்க்குக்கு தள்றேன், நீ ரேட்ட குறை"ன்னு. ரோமிங்ல லாபம் அங்கதான் முடிவாகுது தம்பி, பேக் போஸ்டர்ல இல்ல.

புதுசா_வந்தவன்:
அண்ணா சூப்பர். ஆனா தள்றேன்னா எப்படி, வாடிக்கையாளர் போன்தான டவர தேடி பிடிக்குது?

பழைய_பில்லிங்:
பிடிக்குதுன்னு நீ நினைச்சுக்கற. உன் போன் எந்த நெட்வொர்க்ல ஏறினாலும் அது "இவர உள்ள விடலாமா"ன்னு நம்மகிட்ட கேக்கும். நமக்கு டீல் இல்லாத நெட்வொர்க்கா இருந்தா நம்ம சிஸ்டம் "இல்ல"ன்னு ரெண்டு மூணு தடவ திருப்பி அனுப்பும், போன் அலுத்துப்போய் அடுத்தத தேடி நம்ம பார்ட்னர்கிட்ட போயிடும். இதுதான் ஸ்டீரிங். ஏர்போர்ட்ல இறங்கின உடனே சிக்னல் வராம ரெண்டு நிமிஷம் முழிச்சிருப்பியே, பாதி நேரம் காரணம் இதுதான். 5ஜில இந்த முரட்டுத்தனம் தேவையில்ல, ரெஜிஸ்டர் ஆகும்போதே எந்த நெட்வொர்க் முதல், எது ரெண்டாவதுன்னு லிஸ்ட்டு நம்ம ஊர் நெட்வொர்க்ல இருந்து போனுக்கே பாதுகாப்பா போயிடும்.

கடுப்பு_கணேசு:
அதானே பாத்தேன். எங்களுக்கு நல்ல சிக்னல் குடுக்கறவன விட்டுட்டு உங்களுக்கு சல்லிசா குடுக்கறவன்கிட்ட தள்றீங்க. வாழ்க.

பழைய_பில்லிங்:
தள்றோம்பா, பொய் சொல்லல. மட்டமான நெட்வொர்க்குக்கு தள்ளி கஸ்டமர் கடுப்பாகி அடுத்த ட்ரிப்ல ஆஃப் பண்ணிட்டா அதுவும் நமக்குத்தான் நஷ்டம், ஆனா அந்த நஷ்டம் எந்த ரிப்போர்ட்லயும் வராது, அதான் வில்லங்கம்.

லாசப்பல்_வாசி:
நான் பாரிஸில இருக்கிறன். ஐரோப்பாவில இந்தக் கதை 2017 ஜூன் 15ஓட மாறிட்டுது, ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள எங்க போனாலும் வீட்டு விலைதான், கூடக் காசு வாங்கேலாது எண்டு சட்டம். அதுக்கு முதல் எல்லாரும் போனை நிப்பாட்டி வச்சிருந்தவை, 2018 கோடைக்கு ரோமிங் டேட்டா பாவிப்பு பல மடங்கு ஏறினது எண்டு ஐரோப்பிய கமிஷனே சொன்னது. கம்பெனிக்காரர் அழுதவை, ஆனா ஒருத்தரும் கடையைப் பூட்டேல்ல.

ஆனா சுவிஸ் அந்தச் சட்டத்துக்குள்ள இல்லை, அது எனக்குத் தெரியாமப் போச்சு. மச்சாள்ட கலியாணத்துக்கு ஜெனீவா போய், எல்லைக்குக் கிட்ட ஹோட்டல், போன் ஒருக்கா பிரெஞ்சு டவர் ஒருக்கா சுவிஸ் டவர் எண்டு மாறி மாறிப் பிடிச்சு, பிள்ளையள் பின் சீட்டில வீடியோ பாத்துக்கொண்டு வந்ததுகள். பில்லைப் பாத்திட்டு மனுசி ரெண்டு நாள் கதைக்கேல்ல. கம்பெனியிட்ட கேட்டா "குறுஞ்செய்தி அனுப்பினாங்கள்" எண்டினம். அனுப்பினவைதான், நாப்பது செய்திக்கு நடுவில.

பழைய_பில்லிங்:
ஐரோப்பா கணக்கு ரொம்ப சுவாரசியமானது, எல்லாரும் சில்லறை விலை ஜீரோ ஆனதத்தான் பேசுவாங்க, அடியில ஹோல்சேல் உச்சவரம்பு இறங்கினத பேச மாட்டாங்க. ஒரு ஜிபிக்கு ஒரு ஆபரேட்டர் இன்னொருத்தன்கிட்ட அதிகபட்சம் வாங்கலாம்னு 2017ல 7.70 யூரோ. 2022 ஜூலைல 2 யூரோ. 2023ல 1.80, அடுத்த வருஷம் 1.55, 2025ல 1.30, 2026ல 1.10, 2027ல ஒரே யூரோ. இது கூரை மட்டும்தான், உள்ள டீல் போட்டவன் இத விட கீழதான் குடுப்பான். அன்லிமிடெட் ப்ளான்காரன் ரோமிங்லயே குடியிருக்க கூடாதுன்னு ஒரு நியாய வரம்பும் உண்டு: ப்ளான் விலைய, வரி போக, அந்த கூரை ரேட்டால வகுத்து ரெண்டால பெருக்கணும். வரி போக 20 யூரோ ப்ளான்னா 2025 ரேட்ல கிட்டத்தட்ட 31 ஜிபி. ரேட் இறங்க இறங்க இந்த ஜிபி ஏறிக்கிட்டே போகும்.

இதுல லாபம் நஷ்டம் ஊருக்கு ஊரு மாறும். கிரீஸ், குரோஷியா மாதிரி டூரிஸ்ட் வந்து கொட்டற நாட்டுல நெட்வொர்க்காரன் உள்ள வர்றவங்களால சம்பாதிப்பான், ஆகஸ்ட் மாசத்துக்காக தீவுல டவர் போட்டு வருஷம் பூரா பராமரிக்கற செலவும் அவனுக்குத்தான். வடக்குல குளிர் தாங்காம லீவுக்கு ஓடற ஜனங்க ஊர் ஆபரேட்டர் வெளிய குடுக்கறவன். பிரிட்டன் பிரெக்ஸிட்டுக்கு அப்புறம் வெளிய வந்ததும் 2022ல ஈஈ, வோடஃபோன், த்ரீ மூணு கம்பெனியும் ஐரோப்பா போனா ஒரு நாளைக்கு ரெண்டு பவுண்டுன்னு திரும்ப ஆரம்பிச்சாங்க, ஓ2 மட்டும் வாங்கலன்னு அதையே விளம்பரமா வச்சுக்கிச்சு. ரெண்டுமே பிசினஸ்தான்.

வுட்லண்ட்ஸ்_டிரைவர்:
அண்ணே இங்க சிங்கப்பூர்ல மலேசியாவுக்கு போற காஸ்வே ரோடு பக்கம் நின்னாலே போன் மலேசியா லைன் புடிச்சிக்கும். முன்னாடி எல்லாம் பயந்து ஆஃப் பண்ணிடுவோம், இப்ப நிறைய ப்ளான்ல மலேசியா டேட்டா உள்ளயே வருது, தினமும் ஜொகூர் போய் வர்றவன் அத பாத்துதான் கம்பெனியே மாத்தறான். ரோமிங்க்கு தனி காசு கிடையாது, ஆனா ஆள புடிச்சு வச்சிக்கறானுங்க.

பழைய_பில்லிங்:
இத டி-மொபைல் அமெரிக்கால 2013 அக்டோபர்லயே பண்ணிட்டான். நூறு நாட்டுக்கு மேல டேட்டா ஃப்ரீ, ஆனா 2ஜி வேகம். மேப் ஓடும், வாட்ஸ்அப் ஓடும், வீடியோ ஓடாது. வேகம் வேணுமா, காசு குடு. எனக்கு ரொம்ப பிடிச்ச ஐடியா அது, ஏன்னா சைலண்ட் ரோமர் முதல்ல ஆன் பண்ணணுமே, பயம் போனாத்தான ஆன் பண்ணுவான். அதுக்கும் முன்னாடி 2006ல ஆப்பிரிக்கால செல்டெல் கம்பெனி கென்யா, உகாண்டா, தான்சானியா மூணுலயும் ஒன் நெட்வொர்க்னு உள்ளூர் ரேட்டுல விட்டாங்க, இன்கமிங் ஃப்ரீ. எல்லை தாண்டி வியாபாரம் பண்றவன் எல்லாம் அந்த சிம்முக்கு மாறினான். மூணு நாட்டுலயும் சொந்த நெட்வொர்க் இருந்ததால ஹோல்சேல் காசு ஒரே பாக்கெட்ல இடது வலதுன்னு மாறினதுதான். பின்னாடி அந்த கம்பெனி ஜைன் (Zain)னு பேர் மாறி 2010ல நம்ம ஏர்டெல் கைக்கு வந்துச்சு.

அஞ்சுஜி_ஆர்வலர்:
எல்லாரும் பழைய கதையே பேசறீங்க. கேள்வி அடுத்த தலைமுறை ரோமிங் பத்தி. 5ஜி ஸ்டாண்ட்அலோன்ல (4ஜி மேல சாயாத முழு 5ஜி) ரெண்டு நெட்வொர்க் நடுவுல செப்னு ஒரு பாதுகாப்பு வாசல் உக்காந்து போற வர்ற சிக்னலிங்க என்க்ரிப்ட் பண்ணும், பழைய 2ஜி 3ஜி காலத்து எஸ்எஸ்7 சிக்னலிங்ல இருந்த ஓட்டை அங்க இல்ல. ஸ்லைசிங் இருக்கு, அதாவது நெட்வொர்க்ல ஒருத்தருக்குன்னு தனியா ஒரு பங்கு ஒதுக்கறது, லண்டன்ல இருந்து சென்னைக்கு மேட்ச் எடுக்க வர்ற டிவி க்ரூவுக்கு தனி ஸ்லைஸ் வித்தா எவ்ளோ காசு? 2023 மே மாசம் மன்னர் சார்லஸ் முடிசூட்டுக்கு வோடஃபோன், ஐடிஎன்ங்கற பிரிட்டிஷ் டிவி நியூஸ்காரங்களுக்கு 5ஜி ஸ்லைஸ் குடுத்தே காட்டுனாங்க.

பழைய_பில்லிங்:
அது சொந்த ஊர்ல சொந்த நெட்வொர்க்ல குடுத்தது தம்பி. ரோமிங்ல அந்த ஸ்லைஸ் வேணும்னா நீ போற ஊர் நெட்வொர்க்காரன் அவன் ரேடியோல இடம் ஒதுக்கணும், நீ காசு தரணும், ரெண்டு பேரும் க்வாலிட்டிக்கு கையெழுத்து போடணும், கெட்டுப்போனா யாரு பொறுப்புன்னு வக்கீல் ஆறு மாசம் எழுதுவான். ஸ்லைடுல போடு, வருமானக் கணக்குல போடாத.

அத விட முன்னாடி ஒரு கோளாறு இருக்கு. இப்ப ரோமிங் டேட்டா பூரா பெரும்பாலும் ஹோம் ரூட்டட், அதாவது நீ நியூயார்க்ல உக்காந்து பக்கத்து தெரு பீட்சா கடைய தேடினாலும் அந்த ட்ராஃபிக் நம்மூருக்கு வந்துட்டு திரும்ப அமெரிக்கா போகும். வீடியோ கால் இழுக்கறது இதனாலதான். அங்கயே வெளிய விடற லோக்கல் பிரேக்அவுட் ஸ்டாண்டர்ட்ல ரொம்ப வருஷமா இருக்கு, பண்ண மாட்டாங்க, பண்ணா பில்லிங் கன்ட்ரோல், போலீஸ் கேக்கற ரெக்கார்ட் எல்லாம் கைய விட்டு போகும்னு பயம். யாராவது ஒருத்தன் கம்பெனி ஆளுங்களுக்கு மட்டுமாவது "இழுக்காத ரோமிங்"னு வித்தா நான் முதல்ல வாங்குவேன்.

கடுப்பு_கணேசு:
2022 பிப்ரவரில அமெரிக்கா போயிருந்தேன், திடீர்னு என் போன்ல கால் போகவே இல்ல, டேட்டா மட்டும் ஓடுது. கஸ்டமர் கேர்ல போனை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கன்னு ஏழு தடவ சொன்னாங்க.

பழைய_பில்லிங்:
அங்க இருக்கற ஏடி அண்ட் டி கம்பெனி அந்த மாசம் 22ஆம் தேதி 3ஜிய மூடிட்டான். உன் ஊர் கம்பெனி அவன்கூட வோல்ட்டி ரோமிங் போடாம விட்டிருப்பான், 4ஜில வாய்ஸ் போக அது தனியா போடணும். இத முன்னாடியே பண்ணினது ஜியோதான், அவனுக்கு வேற வழியே இல்ல, 2ஜி 3ஜி எதுவும் கிடையாதே, இந்தியாவுக்கு வர்றவங்களுக்கு 2018ல ஜப்பான் கேடிடிஐ கம்பெனிகூட சேந்து வோல்ட்டி ரோமிங் திறந்தான். தம்பி இத நோட் பண்ணு, பழைய நெட்வொர்க்க மூடற ஒவ்வொரு நாட்டுலயும் யாரு வோல்ட்டி ஒப்பந்தம் போட்டு டெஸ்ட் முடிச்சு வச்சிருக்கானோ அவனுக்குத்தான் அந்த நாட்டு ட்ராஃபிக் போகும். கவர்ச்சியான வேலை இல்ல, ஆனா காசு.

ஹோசூர்_ட்ராக்கர்:
ஃப்ரிட்ஜ் சிம்முன்னு கிண்டல் பண்ணாதீங்க சார், அந்த ஐஓடிலதான் நான் சோறு சாப்பிடறேன். நாங்க வண்டி ட்ராக்கர் பண்ணி வெளிநாட்டுக்கு அனுப்பறோம். ஒரு டிவைஸ் மாசம் 5 எம்பி கூட தின்னாது, ஆனா எட்டு பத்து வருஷம் அங்கயே இருக்கும், லீவு முடிஞ்சு ஊருக்கு திரும்பற டூரிஸ்ட் இல்ல. ஜிபி கணக்குல பாத்தா ஆபரேட்டருக்கு டீக்காசு. ஆனா எங்க டிவைஸுக்குள்ள ஓடற பழைய சாஃப்ட்வேர்ல ஒரு பக் இருந்துச்சு, சிக்னல் போனா நிமிஷத்துக்கு ஒரு தடவ ரெஜிஸ்டர் பண்ண ட்ரை பண்ணும், ஆயிரக்கணக்கான டிவைஸ் ராத்திரி பூரா தட்டிக்கிட்டே இருந்து அந்த நாட்டு ஆபரேட்டர் கடுப்பாகி எங்க சிம் ரேஞ்சையே மூடிட்டான்.

பழைய_பில்லிங்:
அவன் செஞ்சது நியாயம்தான். அதனாலதான் இப்ப டிவைஸ் சிம்முக்கு எம்பி கணக்கு இல்லாம மாசத்துக்கு சிம்முக்கு இவ்ளோன்னு வாங்க ஆரம்பிச்சாங்க, சிக்னலிங்க்கும் காசு வரணுமே. உங்கள மாதிரி ஆளுக்கு நிரந்தர ரோமிங்கே கூடாதுன்னு பிரேசில், துருக்கி மாதிரி நாடுங்க கதவ சாத்திட்டாங்க. அங்க உள்ளூர் ப்ரொஃபைல், அதாவது அந்த ஊர் ஆபரேட்டரோட சிம் விவரத்த, இறக்கித்தான் ஆகணும்.

ஹோசூர்_ட்ராக்கர்:
ஆமா, அதுக்குத்தான் 2023ல வந்த எஸ்ஜிபி.32ன்னு டிவைஸ் இ-சிம் ஸ்டாண்டர்ட பாத்துட்டு இருக்கோம், ஸ்க்ரீன் இல்லாத பொட்டிலயும் தூரத்துல இருந்தே சிம் மாத்தலாம். எனக்கு வேண்டியது ஒரே ஒரு ஆபரேட்டர், நாப்பது நாட்டுக்கும் ஒரே பில்லு, எங்க ரோமிங் விடறானோ அங்க ரோமிங், எங்க விடலையோ அங்க லோக்கல் ப்ரொஃபைல அவனே ஏற்பாடு பண்ணணும். ரேட்டு கொஞ்சம் கூட இருந்தாலும் குடுப்பேன். நம்மூரு ஆபரேட்டர்கிட்ட கேட்டேன், சேல்ஸ் ஆள் திரும்ப கூப்பிடவே இல்ல, இப்ப ஐரோப்பா கம்பெனிகிட்ட வாங்கறேன்.

புதுசா_வந்தவன்:
சார் உங்களுக்கு பிரைவேட் மெசேஜ் போட்டிருக்கேன், பாருங்க!! 🙏

சரி இ-சிம் ஆப் மேட்டருக்கு வருவோம். 2024 ஜனவரில ஏர்அலோ, ஹோலாஃப்ளைங்கற ரெண்டு இ-சிம் ஆப்பையும் இந்தியால ஆப் ஸ்டோர்ல இருந்து எடுத்தாங்க, அப்பவும் ஜனங்க ஊருக்கு போனதும் வேற எதையாவது வாங்கிக்கறாங்க. அவங்க எப்படி இவ்ளோ கம்மியா குடுக்கறாங்க?

பழைய_பில்லிங்:
அவங்ககிட்ட டவர் ஏது? அதுவும் ரோமிங்தான்டா தம்பி. ஹாங்காங்கோ போலந்தோ எங்கயோ ஒரு ஆபரேட்டரோட சிம் ப்ரொஃபைல உன் போன்ல இறக்கறாங்க, நீ பேங்காக்ல அந்த நாட்டுக்காரனா ரோமிங் பண்ற. அதான் சில நேரம் வெப்சைட் உன்ன வேற நாட்டுல இருக்கறதா காட்டும். பேங்காக் டவர்காரனுக்கு எப்பவும் போல ஹோல்சேல் காசு வருது. அவனுக்கு நஷ்டம் இல்ல. நடுவுல காணாம போனது உன் கம்பெனி மட்டும். இத நல்லா யோசி: நம்மகிட்ட இருநூறு நாட்டு ஒப்பந்தம் இருக்கு, இருபது வருஷமா கையெழுத்து போட்டு டெஸ்ட் பண்ணி சேத்தது. அந்த ஹாங்காங்காரன் அவன் ஒப்பந்தத்த ஆப்காரனுக்கு வாடகைக்கு விடறான். நாம பூட்டி வச்சிருக்கோம்.

கடுப்பு_கணேசு:
அதெல்லாம் விடுங்க, பேக் விலைய பாதியா குறைங்க, நானே வாங்கறேன். சிம்பிள்.

பழைய_பில்லிங்:
சிம்பிள் இல்ல. கணக்கு போட்டு காட்டறேன், நம்பர் எல்லாம் சும்மா வச்சுக்கிட்டது, நிஜ ரேட் இல்ல. 100 பேர் போறாங்க, 25 பேர் 3,000 ரூபாய் பேக் வாங்கறாங்க. வரவு 75,000. ஆளுக்கு 3 ஜிபி, ஹோல்சேல் ஜிபிக்கு 150 ரூபாய்னா செலவு 11,250. மிச்சம் 63,750. இப்ப விலைய 1,500 ஆக்கி 60 பேர் வாங்கினா வரவு 90,000, செலவு 27,000, மிச்சம் 63,000. கிட்டத்தட்ட ரெண்டரை மடங்கு ஆள் வந்தும் 750 ரூபாய் குறைச்சல்! இங்கதான் எல்லா மேனேஜரும் "பாத்தியா, விலை குறைச்சா பிரயோஜனம் இல்ல"ன்னு ஃபைல மூடுவாங்க.

ஆனா ஹோல்சேல்ல 75 ஜிபி வாங்கின நாம இப்ப 180 ஜிபி வாங்கறோம். இத கைல வச்சுக்கிட்டு பேங்காக்காரன்கிட்ட முன்கூட்டியே போய் "இவ்ளோ உன் ஒருத்தனுக்கே தள்றேன், 100 ரூபாய்க்கு குடு"ன்னு பேசினா செலவு 18,000, மிச்சம் 72,000. அதாவது டீல் முதல்ல, விலை குறைப்பு அப்புறம். உல்டாவா பண்ணினா செத்த. கமிட் பண்ணின ஜிபி ஓடலைன்னாலும் காசு கட்டணும், அதையும் மறக்காத, கொரோனா வந்து ஃப்ளைட் நின்னப்ப இந்த கமிட்மெண்ட் பேப்பர வச்சுக்கிட்டு நாங்க பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

மதுரை_மல்லி:
தம்பி எனக்கு 1,500 இருந்தா போட்டுக்குவேன்னு நினைக்கறேன். ஆனா ஒரு கண்டிஷன், பேக் தீந்தா நெட்டு தானா நிக்கணும், மேல பில்லு ஓடக்கூடாது. அத பெரிய எழுத்துல போடுங்க. வருஷத்துக்கு ஒரே பேக்கா இருந்தா இன்னும் நல்லது, ஏர்டெல்ல 2025ல 4,000 ரூபாய்க்கு அப்படி ஒண்ணு விட்டாங்கன்னு பையன் சொன்னான்.

மீனவர்_பேரன்:
எல்லாம் சரி, தனுஷ்கோடில கரைல நின்னா போன்ல "இலங்கைக்கு வரவேற்கிறோம்"னு மெசேஜ் வருதே, அதுக்கு யாரு காசு வாங்கறா?

வுட்லண்ட்ஸ்_டிரைவர்:
ஹாஹா எங்க காஸ்வே கதையேதான் 😂

பழைய_பில்லிங்:
அங்க நெட்வொர்க்க மேனுவல்ல வச்சுக்கோப்பா, ரோமிங்க ஆஃப் பண்ணு. போன் எது பலமா இருக்கோ அத பிடிக்கும், அதுக்கு கடல் எல்லை தெரியாது.

புதுசா_வந்தவன்:
அப்டேட். திங்கக்கிழமை மீட்டிங் முடிஞ்சுது. ஸ்லைசிங் ஸ்லைடுக்கு எல்லாரும் தலையாட்டினாங்க. அண்ணாவோட 63,750 / 63,000 / 72,000 கணக்க போட்டதும் ரூம் அமைதியாயிடுச்சு. மேனேஜர் கேட்ட ஒரே கேள்வி, "தாய்லாந்துக்கு நம்ம நிஜ ஹோல்சேல் ரேட் என்ன?" பேக் விலை வைக்கற டீம்ல ஒருத்தருக்கும் தெரியல. அந்த ஷீட்டு மூணாவது மாடில ஹோல்சேல் டீம்கிட்ட இருக்காம், இதுவரைக்கும் இவங்க கேட்டதே இல்லையாம், அவங்களும் குடுத்ததில்லையாம். நாளைக்கு என்னைத்தான் போக சொல்லியிருக்காங்க.

பழைய_பில்லிங்:
நாலு மணிக்கு மேல போ, வடை வாங்கிட்டு போ. நான் அந்த சீட்ல இருந்தவன், சும்மா கேட்டா குடுக்க மாட்டோம்.